ஈரும் பேனும் நானும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவையில் கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். உனக்குத் தெரிந்ததைப் பற்றி என்றார்கள். போன வருட மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். சூரிய சக்தி, ரோபோ, தாயின் பெருமை, நட்பு... எல்லாவற்றையும் அண்ணன்களும் அக்காக்களும் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு உண்மையாகவே தெரிந்த விஷயம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பேன்!

சிரிக்காதீர்கள். சிரித்துக்கொண்டே உங்கள் கை தலைக்குப் போகிறது பாருங்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே யாருக்கும் அரிக்கும்.

எங்கள் வீடு வத்தலக்குண்டில், பெரியகுளம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறார். அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறாள். விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால்தான் மொட்டு விரியாமல் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பிளஸ் டூ முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் மெக்கானிக்கல் சேர்ந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவுக்கே முதல் ஆள் என்று அம்மாச்சி சொல்லிக்கொள்வாள். அது சரியா என்று நான் விசாரிக்கவில்லை, கேட்க நன்றாக இருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்கள் வாசல்படியில் பேன் பார்க்கிற வேலை நடக்கும். மேல்படியில் அம்மாச்சி, கீழ்ப்படியில் நான், எனக்குக் கீழே தங்கச்சி. ரயில் பெட்டி மாதிரி. அம்மாச்சி பேனை எடுத்து இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கும்போது வாயால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கொல்வது அவள், வலிக்கிற சத்தமும் அவளுடையதே! எங்கள் தெருச் செய்தி முழுவதும் எனக்கு அந்தப் படியில் வைத்துத்தான் தெரியும்.

வீட்டில் அது விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் அது வேறு. நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பிள்ளையின் நோட்டில் ஒரு பேன் ஊர்ந்தது. அது யார் தலையிலிருந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? டீச்சர் என்னைத்தான் எழுப்பிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். பள்ளியின் பெயர் வேண்டாம், அந்த டீச்சர் எனக்கு வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்தவர்தான். ஆனால் 'தலையில் பேன் வளர்க்கிற குடும்பம்' என்று அன்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த வாரமே அம்மா என்னைப் பழனிக்குக் கூட்டிப் போய் மொட்டை அடித்தாள். முருகனுக்கு வேண்டுதல் என்று ஊருக்குச் சொன்னோம். முருகனுக்கு உண்மை தெரியும்.

மொட்டை வேலை செய்தது, அதில் பொய்யில்லை. முடி இல்லாவிட்டால் பேனுக்குப் பிடிமானம் இல்லை, ஈர் ஒட்ட இடமும் இல்லை. ஆனால் முடி வளர்ந்து ஆறு மாதத்தில் பேன் திரும்பி வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? பக்கத்தில் படுத்திருந்த தங்கச்சி தலைக்கு யாரும் எதுவும் செய்யவில்லையே!

இனி போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கல்லூரியில் இடம் கிடைத்து, விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது. எல்லோரும் பெட்டி வாங்குவது, பாய் வாங்குவது என்று இருந்தார்கள். எனக்கு ஒரே பயம். விடுதியில் நாலு பேர் ஒரு அறையில் படுப்பார்கள். கடைசி பெஞ்ச் அங்கேயும் வந்துவிடுமோ? அம்மாச்சியிடம் போய், "நாளைக் கழிச்சு நான் போறேன். அதுக்குள்ள ஒரு பேன்கூட இருக்கக் கூடாது" என்று அடம் பிடித்தேன். "ஒரே ராத்திரில போகணுமாத்தா? அப்ப அதுக்கு மருந்து இருக்கு" என்று அவள் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினாள். போன புரட்டாசியில் தின்ற சீத்தாப்பழத்தின் விதைகள். கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருந்தாள். அம்மியில் அரைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, எனக்கும் தங்கச்சிக்கும் தலை நிறையப் பூசித் துணியால் கட்டிவிட்டாள்.

அம்மாச்சி சொன்னது பொய்யில்லை. சீத்தா விதைக்குப் பூச்சியைக் கொல்கிற குணம் உண்டு, அதில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த விஷம் பேன் எது, கண் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அன்று கரண்ட் இல்லை, புழுக்கம். தூக்கத்தில் தங்கச்சிக்கு வியர்த்து, துணி நழுவி, எண்ணெயோடு பொடி வழிந்து இடது கண்ணுக்குள் போயிருக்கிறது. விடியும்போது அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். கண் திறக்க முடியவில்லை. இமை கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார், இன்னொருவர் தாய்ப்பால் விடச் சொன்னார். இரண்டும் விட்டோம்.

பிறகு ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "தூசி விழுந்திருச்சு சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் காரணம். தூசி என்றதால் தூசிக்கான சொட்டு மருந்து கொடுத்தார். அவர் மேல் என்ன தப்பு? அன்று ராத்திரி முழுக்கத் தங்கச்சி தூங்கவில்லை. "அக்கா, கண்ணுக்குள்ள மொளகா இருக்குக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பஞ்சால் இரண்டு பழுப்புத் துணுக்கை எடுத்தார். எங்களைக் கேட்கவே இல்லை. "தலைக்கு சீத்தா விதை போட்டீங்களா?" என்றார். இது புது விஷயம் இல்லையாம். பேனுக்குப் போட்ட சீத்தா விதை கண்ணில் பட்டு வருகிறவர்களைக் கண் டாக்டர்கள் நெடுங்காலமாகவே பார்த்து வருகிறார்களாம். கருவிழியின் மேல் தோல் உரிந்துவிடும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், சரியான வைத்தியம் செய்தால் பெரும்பாலும் ஆறிவிடும், தாமதமானால் புண்ணில் கிருமி சேர்ந்து தழும்பு விழலாம் என்று விளக்கினார். "முதல் டாக்டர்கிட்டயே இதைச் சொல்லியிருக்கலாமே, ஒரு நாள் வீணாப் போச்சே" என்றார். அம்மா அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

பதினோரு நாள் கண்ணில் கட்டும் சொட்டு மருந்துமாக இருந்தாள். கண் பிழைத்தது. அந்தப் பதினோரு நாளும் அம்மாவுக்குக் கூலி இல்லை. நான் விடுதிக்கு ஒரு வாரம் தாமதமாக வந்தேன். காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதினேன். அதுவும் பொய்தான். இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அந்த ஒரு ராத்திரி வைத்தியத்தில் பேன் போனதா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெரிய பேன் எல்லாம் உதிர்ந்தது. பத்து நாள் கழித்து விடுதியில் காதுக்குப் பின்னால் மறுபடி அதே குறுகுறுப்பு.

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில், போனில், எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவிடம் கேட்டு, எல்லாமாக. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பேனுக்கு இறக்கை இல்லை, குதிக்கவும் தெரியாது. ஆறு கால், ஒவ்வொன்றிலும் முடியைப் பிடிக்க ஒரு கொக்கி. தலையும் தலையும் தொட்டால்தான் பெரும்பாலும் அடுத்த தலைக்கு நடந்து போகும். நாய், பூனையிடமிருந்து வராது. எள்ளு அளவு, 2 முதல் 3 மில்லிமீட்டர். தலையை விட்டுக் கீழே விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் ரத்தம் இல்லாமல் செத்துவிடும். அதனால் வீடு முழுக்க மருந்து அடிப்பது வீண் வேலை. சீப்பு, தலையணை உறை, துண்டு இவற்றை நல்ல வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தால் போதும்.

பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு முட்டை வரை வைக்கும். முடியில் சிமெண்ட் போட்ட மாதிரி ஒட்டிவைக்கும். அதுதான் ஈர். ஈர் பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு பெரிய பேனாகி முட்டை வைக்க இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். இந்தக் கணக்குத் தெரியாததுதான் எங்கள் வீட்டுத் தோல்விக்குக் காரணம். 'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது' என்று வீண் வம்பு வளர்ப்பவர்களைச் சொல்வார்கள். உண்மையில் ஈர் தானாகவே பேனாகிவிடும், நாம் காலண்டரைப் பார்க்காமல் இருந்தால் போதும்!

ஈரையும் பொடுகையும் குழப்பிக்கொள்கிறோம். எங்கள் அறையிலேயே தேனிக்காரி ஒருத்தி பொடுகை ஈர் என்று நினைத்து மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தாள். வழி சுலபம். ஊதினாலோ தட்டினாலோ உதிர்ந்தால் பொடுகு. முடியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டு, இரண்டு நகத்தால் உருவினால்தான் வரும் என்றால் ஈர். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் முதலில் பாருங்கள், அங்கேதான் அதிகம். இன்னொரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பேன் முட்டையைத் தோலை ஒட்டி, 6 மில்லிமீட்டருக்குள் வைக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் 2 சென்டிமீட்டர் தள்ளி வெள்ளையாகத் தெரிகிற ஈர் இரண்டு மாதத்துக்கு முந்திய வெறும் கூடு. அதைப் பார்த்துப் பயந்து மருந்து போட வேண்டாம். தோலை ஒட்டிப் பழுப்பாக இருப்பதுதான் ஆபத்து. இப்படிப் பார்த்தால் முடியே ஒரு ஸ்கேல்!

அரிப்பை மட்டும் நம்பாதீர்கள். அது பேனின் எச்சிலுக்கு நம் தோல் காட்டுகிற ஒவ்வாமை. முதல் தடவை பேன் ஏறினால் அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆக, முதலில் சொறிகிறவள்தான் கொண்டுவந்தாள் என்று விரலை நீட்ட முடியாது. நாலாம் வகுப்பில் இது எனக்குத் தெரிந்திருந்தால்...

இனி சீப்பு. நம் துறை நண்பர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம். பேன் சீப்பை எங்கள் பக்கம் பெரியவர்கள் ஈர்கோலி என்பார்கள். ஈரின் அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர். சீப்பின் பல் இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால்தான் ஈர் மாட்டும். என்னிடம் இருந்த மூன்று சீப்பையும் வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவி, மெட்ராலஜி லேபுக்குக் கொண்டுபோனேன். சார் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஃபீலர் கேஜை எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாய் பிளாஸ்டிக் சீப்பில் 0.40 தகடு தாராளமாக நுழைந்தது. பல்லும் வளைந்து கொடுத்தது. அம்மாச்சியின் பழைய மரச் சீப்பில் 0.25 நுழைந்தது, 0.30 நுழையவில்லை. கம்பிப் பல் வைத்த ஸ்டீல் சீப்பில் 0.20 தகடே இறுக்கமாகத்தான் போனது. அம்மாச்சி கையில் பாஸ் ஆன சீப்பைப் பரணில் போட்டுவிட்டு, நாங்கள்தான் ஃபெயில் ஆன சீப்பைக் கடையில் வாங்கி வந்திருக்கிறோம். 'நூறு தடவை வாரினேனே, போகலையே' என்று அம்மா சொன்னதற்கு விடை அந்தத் தகட்டில் இருந்தது.

சீப்பு மனிதனுக்கு எவ்வளவு பழைய கூட்டாளி தெரியுமா? இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்றில், தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் என்ற பொருளில் எழுதியிருப்பதை 2022ஆம் ஆண்டு அறிவித்தார்கள். ஏறக்குறைய 3700 வருஷத்துக்கு முந்தியதாம். அவ்வளவு பழைய காலத்திலேயே மனிதன் எழுதிவைத்த கவலைகளில் பேனும் ஒன்று. யானைத் தந்தத்தில் சீப்பு வைத்திருந்தவர் ஏழையாக இருந்திருக்க முடியாது, கவனியுங்கள். இன்றும் அப்படித்தான். அமெரிக்காவில் 3 வயது முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளில் மட்டும் வருஷத்துக்கு 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் பேன் தொற்றுகிறது என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமே மதிப்பிட்டிருக்கிறது. அங்கே ஷாம்புக்கா பஞ்சம்? பேனுக்கு அழுக்கும் ஒன்றுதான், வாசனை சோப்பும் ஒன்றுதான். அதற்குத் தேவை ஒரு தலை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது என்றே சொல்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மருந்தே வேண்டாமா என்று கேட்பீர்கள். உண்டு. 1 சதவீதப் பெர்மெத்ரின் லோஷன் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருளைப் பார்த்து, அதைப் போலச் செயற்கையாகத் தயாரித்தது. தலை குளித்துத் துவட்டியபின் போட்டு, 10 நிமிடம் வைத்து அலச வேண்டும். கண்ணை மடித்த துண்டால் மூடிக்கொள்ளுங்கள் (நான் சொல்லாமலே தெரியும்). அது எல்லா ஈரையும் கொல்லாது. அதனால்தான் ஒன்பதாம் நாள் மறுபடி போடச் சொல்கிறார்கள். முதல் தடவையோடு விடுகிறவர்கள்தான் 'மருந்தே டூப்பு' என்று சொல்லித் திரிகிறார்கள். சில இடங்களில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்பதும் உண்மை. அப்போது டாக்டரிடம் போக வேண்டும், வேறு மருந்து இருக்கிறது. கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும், விளக்குப் பக்கத்தில் போனால் தீயும் பிடிக்கும். நம் பக்கம் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைத் தலைக்குத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தலைத்தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி ஆளையே முடித்துவிடும்.

மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் வார வேண்டும். தலையை நனைத்து, கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகத் தடவினால் பேன் வேகமாக ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். சிக்கு எடுத்துவிட்டு, முடியைப் பாத்தி பிரித்து, தோலிலிருந்து நுனிவரை ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். 1, 5, 9, 13ஆம் நாள்கள். பிரிட்டனில் அரசு மருத்துவத் துறை சொல்கிற கணக்கு இது. இடையில் பொரிகிற குஞ்சு பெரிசாகி முட்டை வைப்பதற்குள் அடுத்த வாரல் வந்துவிடும். ஒரே வீட்டில், ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

எங்கள் விடுதி அறையில் இதை ஆரம்பிக்கத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "எனக்குத் தலையில பேன் இருக்கு. யாராவது வாரி விடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அறையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. திருமங்கலத்துக்காரி மெதுவாக, "எனக்கும் இருக்குடி, நான் உங்களுக்குத் தெரியாம பாத்ரூம்ல வச்சு வாருவேன்" என்றாள். தேனிக்காரி பொடுகைக் காட்டினாள். நாலாமவள் தனக்கு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். வாரிப் பார்த்தால் அவளிடம்தான் அதிகம்! புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வருகிற ஆயிரம் ரூபாயில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஸ்டீல் சீப்பு வாங்கினோம். இப்போது அது பக்கத்து அறைகளுக்கும் வாடகை இல்லாமல் போய் வருகிறது, வெந்நீரில் போட்டுத்தான் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அறைக் கதவின் உள்பக்கம் தேதி எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. பார்த்துவிட்டு 'யூனிட் டெஸ்ட் டைம் டேபிளா?' என்று கேட்டவர்கள் உண்டு.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அதே படியில் உட்கார்ந்தோம். தங்கச்சி தலையை வாரினேன். அவள் ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்தாள். தேங்காய் எண்ணெய்தான், வேறு ஒன்றும் இல்லை என்று பாட்டிலைக் காட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. அம்மாச்சி தன் மரச் சீப்பு பாஸ் ஆன செய்தியைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள். சீத்தா விதை டப்பாவை அவள் எப்போதோ குப்பையில் கொட்டிவிட்டாள், அதில் இப்போது கடுகு இருக்கிறது.

கடைசியாக அம்மாவைக் கூப்பிட்டேன். "எனக்கென்னடி, வயசான காலத்துல" என்றாள். வற்புறுத்தி உட்கார வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாச்சி பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் தன் தலையை யாரும் பார்த்ததில்லை என்றாள். பூ எடுக்கிற லைட்டையே என் நெற்றியில் கட்டிக்கொண்டு வாரினேன். முதல் வாரலில் இருபத்தேழு. அம்மா முதுகைத் திருப்பாமலே, "இவ்வளவுமா?" என்று சின்னக் குரலில் கேட்டாள். "உன்கிட்டதான் தொழிற்சாலையே இருந்திருக்கு" என்றேன். அவள் சிரித்ததில் சீப்பு நழுவியது.

காலண்டரில் 5, 9, 13 என்று பேனாவால் வட்டம் போட்டேன். அந்த நாள்களில் எனக்குக் கல்லூரி இருக்கிறது. தங்கச்சி சீப்பை வாங்கி வைத்துக்கொண்டாள்.